அலமாரிக்குள் புளிப்பு நெடி: பேசிவ் சாம்பிளர் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

டீச்சர், மேலோட்டமாகப் பார்த்தால் "எந்த பேசிவ் சாம்பிளர் வாங்கலாம், எங்கே மாட்டலாம், எவ்வளவு வந்தால் ஆபத்து" என்பதுதான் உங்கள் கேள்வி (பேசிவ் சாம்பிளர் என்பது பம்பு இல்லாமலே காற்றிலுள்ள ஆவியைப் பிடித்து அளக்க உதவும் சின்னக் கருவி). ஆனால் நீங்கள் சொல்லியிருக்கும் விவரங்களை ஒன்றாக வைத்துப் பார்த்தால் உள்ளே வேறொரு கேள்வி இருக்கிறது. திருவட்டாறு பக்கத்துப் பள்ளி, பழைய மாணவர்கள் கொடுத்த சங்கு சிப்பி சேகரிப்பு, ரெண்டு வருஷத்துக்கு முன் ரப்பர் மரத்தில் செய்து பின்பக்கம் பிளைவுட் அடித்துக் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி, இப்போது சிப்பிகளின் மேல் வெள்ளைப் பொடி, கதவைத் திறந்தால் புளிப்பு நெடி. பள்ளிக்குப் பின்னால் ரப்பர் ஷீட் அடிக்கும் ஷெட், அதோடு ஷீட்டைப் புகையில் உலர்த்தும் ஒரு புகைப்புரை. ஒருவர் கடற்காற்று உப்பு என்கிறார், ஒருவர் ஷெட்டின் ஆசிட் என்கிறார், ஒருவர் அலமாரிதான் என்கிறார். அப்படியானால் நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது காற்றில் எவ்வளவு அமிலம் என்பதை அல்ல, சிப்பியைத் தின்பது அலமாரியா ஷெட்டா என்பதை. இந்த ரெண்டு கேள்விக்கும் அளக்கும் விதம் வேறு. நான் தொழிற்கூடங்களில் காற்று அளக்கும் வேலையில் பல வருஷம் இருந்தவன், மார்த்தாண்டம் பக்கத்து ஆள், ரப்பர் ஷெட்டின் நெடி சின்ன வயதிலிருந்தே பழக்கம். தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் சந்தேகமே இல்லாத பகுதி. சிப்பி, சங்கு எல்லாம் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். மூடிய பெட்டிக்குள் அசிட்டிக் அமிலம், ஃபார்மிக் அமிலம் ஆகியவற்றின் ஆவி இருந்து ஈரமும் இருந்தால் அது மெதுவாக கால்சியம் அசிட்டேட், கால்சியம் ஃபார்மேட் ஆக மாறி வெள்ளையாகப் பூக்கும். 1899-ல் பைன் என்ற ஆங்கில இயற்கையியலாளர் இதைப் பற்றி எழுதினார், அதனால் இன்றும் இதை பைன் நோய் என்றே சொல்கிறார்கள். அவர் பியூட்டிரிக் அமிலத்தின் வேலை என்று நினைத்தார், கிருமி போலப் பரவும் என்றும் ஒரு எண்ணம் இருந்தது. ரெண்டும் சரியில்லை. 1985-ல் டென்னன்ட், பெயர்ட் என்ற ரெண்டு பேர் அந்தப் பொடியைப் பகுத்துப் பார்த்து அசிட்டேட், ஃபார்மேட் உப்புகள் என்று காட்டினார்கள். ஒரு சிப்பியிலிருந்து இன்னொரு சிப்பிக்கு இது தொற்றாது, எல்லாச் சிப்பியும் ஒரே காற்றில் இருப்பதால் ஒன்றன்பின் ஒன்றாகப் பூக்கிறது, அவ்வளவுதான்.

அலமாரி மேல் எனக்கு ஏன் முதல் சந்தேகம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மரத்தில் இருக்கும் ஹெமிசெல்லுலோஸ் என்ற பொருளில் அசிட்டைல் தொகுதிகள் இருக்கின்றன, ஈரமும் சூடும் சேரும்போது அவை உடைந்து அசிட்டிக் அமிலமாக வெளியே வரும். ரப்பர், தேக்கு, பலா போன்ற அகன்ற இலை மரங்களில் ஊசியிலை மரங்களைவிட இந்தத் தொகுதி அதிகம். ஒரு மாதம் வெயிலில் வைத்து எடுத்தால் தீர்ந்துபோகும் சமாச்சாரம் இல்லை, வருஷக்கணக்கில் வந்துகொண்டே இருக்கும். பிளைவுட்டில் பெரும்பாலும் யூரியா ஃபார்மால்டிஹைடு பசை, அதிலிருந்து வரும் ஃபார்மால்டிஹைடில் ஒரு பங்கு ஆக்சிஜனேற்றம் அடைந்து ஃபார்மிக் அமிலம் ஆகலாம். பலகைகளை ஒட்டும் வெள்ளைப் பசை பாலிவினைல் அசிட்டேட், அதுவும் கொஞ்சம் அசிட்டிக் அமிலம் விடும். கண்ணாடி ஓரத்தில் சிலிக்கான் போட்டிருந்தால், அதுவும் போடும்போது வினிகர் நெடி அடித்த வகை என்றால், அதுவும் அசிட்டிக் அமிலம்தான், ஆனால் அதில் பெரும்பகுதி சில வாரத்தில் போய்விடும், ரெண்டு வருஷம் கழித்து அதைக் குற்றம் சொல்ல முடியாது. ரப்பர் மரத்துக்குப் பூச்சி வராமல் போரான் மருந்து ஏற்றுவார்கள், அதற்கும் இந்தப் பொடிக்கும் சம்பந்தம் இல்லை. பத்மநாபபுரம் அரண்மனையே மரம்தானே என்று யாராவது கேட்டால், பிரச்சினை மரம் இருப்பதில் இல்லை, மரத்தோடு சேர்த்துக் காற்றையும் பூட்டி வைப்பதில் இருக்கிறது. ஜன்னலும் மர அழிக் கம்பிகளும் திறந்து கிடக்கும் இடத்தில் ஆவி தங்காது, ரப்பர் பட்டி வைத்து இறுக்கமாக மூடிய கண்ணாடி அலமாரியில் தங்கும்.

ஷெட்டையும் சும்மா விட்டுவிட முடியாது. ரப்பர் பாலை உறைய வைக்கப் பெரும்பாலும் ஃபார்மிக் அமிலம், சிலர் அசிட்டிக், விலை குறைவு என்று சல்ஃப்யூரிக் ஊற்றுகிறவர்களும் உண்டு. சல்ஃப்யூரிக் சாதாரண வெப்பத்தில் ஆவியாகாது, அதனால் அது இந்த சாம்பிளரில் தெரியவே தெரியாது. புகைப்புரையில் விறகு புகையும்போது அசிட்டிக் அமிலம் வரும். ஒட்டுப்பால், அதாவது மரத்திலும் சிரட்டையிலும் உறைந்த மிச்ச ரப்பர், குவித்து வைத்திருந்தால் அசிட்டிக், புரோப்பியானிக், பியூட்டிரிக் என்று ஒரு கூட்டமே வரும், அந்த நாற்றம் உங்களுக்குத் தெரியாததல்ல. ஆக வெளியிலும் அமிலத்துக்கு மூலம் இருக்கிறது. ஆனால் இருக்கிறது என்பதும், அது ஜன்னல் வழியாக வகுப்பறைக்கு வந்து, அலமாரிக் கதவைத் தாண்டி உள்ளே போய், சிப்பியைத் தின்னும் அளவுக்குச் சேர்கிறது என்பதும் வேறு வேறு. அதை அளந்துதான் சொல்ல முடியும்.

இனி பேசிவ் சாம்பிளர். பம்பு கிடையாது, கரண்ட் வேண்டாம். ஒரு முனை மூடிய சின்னக் குழாய், மூடிய முனையில் காரம் தடவிய ஒரு வட்டத் தாள், பெரும்பாலும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, சிலர் டிரைஎத்தனோலமீன். திறந்த முனையில் இருக்கும் ஆவி தானாகவே பரவி, அதாவது விரவி விரவி, உள்ளே போய்க் காரத்தில் பிடிபடுகிறது. காரத்தின் பரப்பில் ஆவியின் செறிவு பூச்சியம், குழாயின் வாய்ப்பக்கம் அறைக் காற்றின் செறிவு, இந்த வித்தியாசம்தான் ஆவியை இழுக்கிறது. 1855-ல் அடால்ஃப் ஃபிக் சொன்ன விரவல் விதி, அதற்கு மேல் ஒன்றும் இல்லை. 1976-ல் பால்ம்ஸும் கூட வேலை பார்த்தவர்களும் நைட்ரஜன் டை ஆக்சைடுக்காக இந்தக் குழாயைக் கொண்டுவந்தார்கள். 1997-ல் ஸ்காட்லாந்தின் ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழகக் குழு, மேலே சொன்ன அதே டென்னன்ட்டும் சேர்ந்து, அருங்காட்சியக அலமாரிக்குள் அசிட்டிக், ஃபார்மிக் அளக்க இதே வடிவத்தை எடுத்துக்கொண்டார்கள். நீங்கள் கேட்கும் வேலைக்கு நேராகப் பொருந்துவது அதுதான்.

கணக்கை நீங்களே போட்டுப் பார்க்க முடியும், போட்டுப் பார்க்கவும் வேண்டும், ஏனென்றால் லேப் அனுப்பும் எண் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் அதை நம்பக் கூடாது. குழாய் நீளம் 7.1 சென்டிமீட்டர், வாய்ப் பரப்பு சுமார் 0.95 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 25 டிகிரியில் அசிட்டிக் அமில ஆவியின் விரவல் எண், அதாவது அது காற்றில் எவ்வளவு வேகமாகப் பரவும் என்பதைக் காட்டும் எண், வினாடிக்கு சுமார் 0.124 சதுர சென்டிமீட்டர், ஃபார்மிக்குக்கு 0.153. விரவல் எண்ணைப் பரப்பால் பெருக்கி நீளத்தால் வகுத்தால் வினாடிக்கு எத்தனை கன சென்டிமீட்டர் காற்றைக் குழாய் "பார்க்கிறது" என்பது வரும். அசிட்டிக்குக்கு நிமிஷத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லி, நாளைக்கு 1.4 லிட்டர். ஃபார்மிக்குக்கு நாளைக்கு 1.8 லிட்டருக்குக் கொஞ்சம் கீழே. நாலு வாரம் தொங்கவிட்டால் அசிட்டிக்குக்கு 40 லிட்டர் காற்று. அலமாரிக்குள் கன மீட்டருக்கு 500 மைக்ரோகிராம் அசிட்டிக் இருந்தால் தாளில் 20 மைக்ரோகிராம் சேரும், அதை 5 மில்லி தண்ணீரில் கரைத்தால் லிட்டருக்கு 4 மில்லிகிராம், எந்த நல்ல கருவிக்கும் சுலபமாகத் தெரியும். ஆனால் வெளியே, சாதாரணத் திறந்தவெளிக் காற்றில் இந்த அமிலங்கள் கன மீட்டருக்குச் சில மைக்ரோகிராம்தான் இருக்கும். 5 என்றால் நாலு வாரத்தில் தாளில் 0.2 மைக்ரோகிராம். ஒன்றுமே செய்யாத வெற்றுத் தாளிலேயே அந்த அளவு அசிட்டேட் இருக்கக் கூடும். அதனால் அலமாரிக்குள் குழாய் வகை போதும், வகுப்பறைக்கும் வெளிக்கும் பேட்ஜ் வகை, அதாவது விரவும் தூரம் குறைந்து பரப்பு அகன்ற தட்டை வடிவம், நல்லது. ஸ்வீடனின் ஐ.வி.எல். நிறுவனம் மாதிரி இடங்களில் அந்த வகை தயாராகக் கிடைக்கிறது, பகுப்பாய்வும் அவர்களே செய்வார்கள்.

அப்படியானால் எல்லா இடத்துக்கும் பேட்ஜையே மாட்டிவிடலாமே என்று தோன்றும். அலமாரிக்குள் வேண்டாம். பேட்ஜ் ஒன்று நிமிஷத்துக்கு 50 மில்லி எடுக்கும் என்று வைத்தால் நாளைக்கு 72 லிட்டர். உங்கள் அலமாரி 300 லிட்டர் கொள்ளளவு இருக்குமா? நாலைந்து நாளில் அலமாரியின் மொத்தக் காற்றையும் ஒரு தரம் சுத்தம் செய்துவிடும், ரெண்டு பேட்ஜ் என்றால் இன்னும் வேகமாக. மரம் புதிதாக விடும் அமிலம் அதற்கு ஈடு கொடுக்காவிட்டால் சாம்பிளர் தான் அளக்க வந்ததைத் தானே குறைத்துவிட்டு, அந்தக் குறைந்த எண்ணைக் காட்டும். நாளைக்கு 1.4 லிட்டர் எடுக்கும் குழாயில் இந்தக் கவலை கிடையாது. இன்னொரு விஷயம், அலமாரிக்குள் காற்று அசைவதே இல்லை. அசையாத காற்றில் பேட்ஜின் முகத்துக்கு முன்னால் ஒரு தேங்கிய படலம் உண்டாகி விரவும் தூரத்தைக் கூட்டிவிடும், எண் குறையும். குழாயின் 7 சென்டிமீட்டரில் அரை சென்டிமீட்டர் கூடினால் பெரிய பாதிப்பு இல்லை, பேட்ஜின் ஒரு சென்டிமீட்டரில் அரை கூடினால் கணக்கே மாறிவிடும்.

வெளியே இதற்கு நேர் எதிர். நம் மாவட்டத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று எப்படி அடிக்கும் என்று சொல்லவே வேண்டாம், முப்பந்தலில் காற்றாலை நிற்பதே அதனால்தான். திருவட்டாறு அவ்வளவு மோசம் இல்லை, இருந்தாலும் ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்று உண்டு. திறந்த குழாயின் வாயில் காற்று சுழன்றால் அது உள்ளே கொஞ்ச தூரம் கலக்கிவிடும், விரவும் தூரம் குறையும், எண் உண்மையைவிடக் கூடுதலாக வரும். அப்படி வந்த எண்ணை வைத்து ஷெட்காரரிடம் சண்டைக்குப் போனால் அது அவருக்குச் செய்யும் அநியாயம். வாயில் நுண்துளைப் படலம் போட்ட வகை வாங்குங்கள், கவிழ்த்த பிளாஸ்டிக் டப்பா மாதிரி ஒரு மறைப்புக்குள் வாய் கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டுங்கள், மழையும் படாது.

சாம்பிளரின் இயல்பு ஒன்றைப் புரிந்துகொள்ளாமல் பலர் ஏமாறுகிறார்கள். தாழ்வாரத்தின் கீழே வைத்த பாத்திரத்தில் எவ்வளவு மழைநீர் சேர்ந்தது என்று பார்க்கலாம், எந்த மணிக்குப் பெய்தது என்று அது சொல்லாது. அதே மாதிரிதான் இதுவும். ஷெட்டில் பால் வந்து ஆசிட் ஊற்றுவது காலையில் ரெண்டு மணி நேரம். அந்த நேரத்தில் மட்டும் கன மீட்டருக்கு 1200 மைக்ரோகிராம் இருந்து மீதி நேரம் ஒன்றுமே இல்லாவிட்டால், நாள் சராசரி 100 என்றுதான் வரும். சிப்பியைப் பொறுத்தவரை இந்தச் சராசரி சரியான எண், ஏனென்றால் சிப்பி மாதக்கணக்கில் மெதுவாகச் சேர்த்துக்கொள்ளும் அளவுதான் அங்கே முக்கியம். ஆனால் ஷெட்டுக்குள் ஆசிட் ஊற்றும் தொழிலாளியின் கண்ணும் தொண்டையும் எரிவது உச்சத்தால், சராசரியால் அல்ல. அவர்களுக்காக அளப்பதானால் மாதக்கணக்கு பேசிவ் சாம்பிளர் தவறான கருவி. பம்பு வைத்து, சட்டைக் காலரில் மாட்டி, கால் மணி நேரமும் எட்டு மணி நேரமும் தனித்தனியாக எடுக்க வேண்டும். அதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அந்த ஷெட்டில் வேலை செய்பவர்களின் பிள்ளைகளும் உங்கள் வகுப்பில் இருப்பார்கள் என்பதால் சொல்கிறேன்.

எத்தனை மாட்டுவது? அலமாரிக்குள் ரெண்டு, வகுப்பறையில் அலமாரிக்கு வெளியே ரெண்டு, பள்ளியின் பின்புறம் ஷெட்டைப் பார்த்த பக்கம் ரெண்டு, அப்புறம் மூடியே வைத்த வெற்று சாம்பிளர் குறைந்தது மூன்று. காசை மிச்சம் பிடிக்க முதலில் வெட்டுவது இந்த வெற்று சாம்பிளரைத்தான், ஆனால் அது இல்லாவிட்டால் மற்ற எந்த எண்ணுக்கும் அர்த்தம் இல்லை. அவை மற்றவற்றோடு பயணம் செய்து, அதே இடத்தில் அதே நாட்கள் மூடியபடி கிடந்து, அதே பெட்டியில் திரும்பிப் போக வேண்டும். அந்த மூன்றின் சராசரியை மற்ற எல்லாவற்றிலிருந்தும் கழிப்பார்கள், அந்த மூன்றுக்குள் இருக்கும் சிதறலைப் போல மூன்று மடங்குக்குக் கீழே வரும் எதையும் "அளக்க முடியவில்லை" என்றுதான் சொல்ல வேண்டும், பூச்சியம் என்றும் சொல்லக் கூடாது, இருக்கிறது என்றும் சொல்லக் கூடாது. ரெட்டையாக மாட்டுவதும் இதே காரணத்துக்கு. ரெண்டும் 20 சதவீதத்துக்கு மேல் வேறுபட்டால் எங்கோ தவறு.

அசிட்டேட்டும் ஃபார்மேட்டும் எங்கும் இருக்கும் பொருட்கள், கை வியர்வையில்கூட. மூடியைத் திறக்கும்போது கையுறை போடுங்கள். வீட்டு ஃபிரிட்ஜில் இட்லி மாவு, ஊறுகாய் பக்கத்தில் சாம்பிளரை வைக்காதீர்கள், பள்ளி ஆய்வகத்தில் அசிட்டிக் அமிலப் பாட்டில் இருக்கும் அலமாரியிலும் வைக்காதீர்கள். அலமாரிக்குள் மாட்டும்போது மரத்தோடு ஒட்டாமல் நடுவில் ஒரு நூலில் தொங்கவிடுங்கள். திறந்த தேதி, மணி, மூடிய தேதி, மணி எழுதி வையுங்கள், கூடவே வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் சின்ன டிஜிட்டல் மீட்டர் ஒன்றை உள்ளே வையுங்கள். வெப்பம் ஏறி இறங்குவதால் சாம்பிளரின் கணக்கு அதிகம் மாறாது, டிகிரிக்கு ஒரு சதவீதம்கூட வராது, ஆனால் மரம் விடும் அமிலம் நிறையவே மாறும். நமக்கு ரெண்டு மழையும் உண்டு, தென்மேற்கும் வடகிழக்கும். பிப்ரவரி, மார்ச்சில் ஒரு தரமும் மழைக்காலத்தில் ஒரு தரமும் எடுத்தால்தான் வருஷத்தைப் பற்றிப் பேச முடியும். ஒரே முறைதான் முடியும் என்றால் மழைக்காலத்தை எடுங்கள், சேதம் அப்போதுதான் அதிகம்.

லேப் விஷயம் இன்னும் முக்கியம். பகுப்பாய்வு அயன் குரோமட்டோகிராபியில், அதாவது கரைசலில் உள்ள அயனிகளைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் முறையில், நடக்கும். குடிநீர் சோதிக்கும் பல லேப்களில் இந்தக் கருவி இருக்கிறது, ஆனால் அவர்கள் வழக்கமாக ஓட்டும் கார்பனேட் முறையில் ஃபுளோரைடு, அசிட்டேட், ஃபார்மேட் மூன்றும் ஆரம்பத்திலேயே ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும். "அசிட்டேட்டையும் ஃபார்மேட்டையும் ஃபுளோரைடிலிருந்து பிரித்துக் காட்டுவீர்களா, ஹைட்ராக்சைடு கிரேடியன்ட் இருக்கிறதா" என்று முன்கூட்டியே கேளுங்கள். தயங்கினால் வேறு லேப் பாருங்கள். தாளைத் தண்ணீரில் கரைத்த பிறகு அன்றன்றே ஓட்டச் சொல்லுங்கள், நாள்கணக்கில் வைத்தால் நுண்ணுயிர்கள் இந்த அமிலங்களைத் தின்றுவிடும், எண் குறைந்துவிடும். அறிக்கையில் செறிவு மட்டும் போதாது, ஒவ்வொரு சாம்பிளரிலும் எத்தனை மைக்ரோகிராம் என்பதும் வேண்டும், அப்போதுதான் மேலே சொன்ன கணக்கை நீங்கள் திரும்பப் போட்டுப் பார்க்கலாம். பி.பி.பி. (நூறு கோடியில் ஒரு பங்கு) என்று கொடுத்தால், 25 டிகிரியில் அசிட்டிக் ஒரு பி.பி.பி. என்பது கன மீட்டருக்கு 2.46 மைக்ரோகிராம், ஃபார்மிக் 1.88.

எண் வந்த பிறகு எப்படி வாசிப்பது? அலமாரிக்குள் அசிட்டிக் பல நூறு, வகுப்பறையில் பத்து இருபது என்றால் விஷயம் முடிந்தது, அலமாரிதான். மரப் பெட்டிகளுக்குள் கன மீட்டருக்குப் பல நூறு முதல் சில ஆயிரம் மைக்ரோகிராம் வரை அசிட்டிக் இருப்பது உலகம் முழுக்க அருங்காட்சியகங்களில் திரும்பத் திரும்பக் கண்ட விஷயம். அதற்கு மாறாக உள்ளேயும் வெளியேயும் ஏறக்குறைய ஒரே அளவு, அதிலும் ஃபார்மிக் தூக்கலாக இருந்தால் ஷெட் பக்கம் பார்க்க வேண்டும். இது வரைக்கும் தைரியமாகச் சொல்வேன். அசிட்டிக்குக்கும் ஃபார்மிக்குக்கும் உள்ள விகிதத்தை மட்டும் வைத்து மூலத்தைக் கண்டுபிடிப்பது சந்தேகத்துக்கு உரியது. புகையிலும் அசிட்டிக் இருக்கிறது, பிளைவுட்டிலும் ஃபார்மிக் வரலாம். அதோடு காரம் தடவிய தாளில் ஃபார்மால்டிஹைடு விழுந்தால் ஒரு பகுதி ஃபார்மேட்டாக மாற வாய்ப்பு உண்டு, அதனால் பிளைவுட் இருக்கும் அலமாரியில் வரும் ஃபார்மிக் எண்ணை "இதற்கு மேல் இருக்காது" என்ற அளவில் எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை மைக்ரோகிராம் வரை சிப்பிக்குப் பாதுகாப்பு என்று ஒரு கோடு கிழிப்பதும் சரியில்லை, 50 சதவீத ஈரப்பதத்தில் தாங்கும் அளவை 85 சதவீதத்தில் தாங்காது.

சிப்பியின் வரலாறும் இதில் குறுக்கே வரும். கடலிலிருந்து எடுத்துச் சரியாக நல்ல தண்ணீரில் ஊறவைக்காத சிப்பியில் உப்பு இருக்கும். கடற்கரைக் கடைகளில் வாங்கியவை என்றால் பளபளப்புக்காக ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் முக்கி எடுத்திருக்கலாம், அதன் மிச்சம் கால்சியம் குளோரைடு. குளோரைடும் அசிட்டேட்டும் சேர்ந்து கால்கிளாசைட் என்ற ஊசி ஊசியான படிகம் உண்டாவது தெரிந்த விஷயம். ஆகவே "கடற்காற்று உப்பு" என்றவர் முழுக்கத் தவறு என்றும் சொல்ல முடியாது. பொடியைக் கொஞ்சம் சுரண்டி வாலை வடிநீரில் கரைத்து, ரெண்டு சொட்டு நைட்ரிக் அமிலம் விட்டு, பிளஸ் டூ ஆய்வகத்தில் இருக்கும் சில்வர் நைட்ரேட் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். அடர்ந்த வெண்மை வந்தால் குளோரைடு இருக்கிறது. வராவிட்டால் உப்புக் கதையைத் தள்ளிவிடலாம். இன்னொரு பங்கில் நடுநிலை ஃபெரிக் குளோரைடு விட்டுச் சிவப்புப் பழுப்பு வந்தால் அசிட்டேட்டோ ஃபார்மேட்டோ இருக்கிறது, எது என்று அது பிரித்துச் சொல்லாது, பொடி ரொம்பக் குறைவாக இருந்தால் நிறம் கண்ணுக்குத் தெரியாமலும் போகலாம்.

சாம்பிளருக்குச் செலவு செய்யும் முன் இன்னொன்று செய்து பார்க்கச் சொல்வேன். ஈயம் அசிட்டிக் அமில ஆவியைச் சட்டென்று காட்டிக்கொடுக்கும். 1973-ல் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஆண்ட்ரூ ஆடி என்பவர் கொண்டுவந்த சோதனையில் ஈயம், செம்பு, வெள்ளித் துண்டுகளைச் சந்தேகப் பொருளோடு ஒரு பாட்டிலில் போட்டு, ஈரத்தில், 60 டிகிரியில் 28 நாள் வைப்பார்கள். அதில் ஈயம் வெளுத்தால் ஆர்கானிக் அமிலம் என்று பொருள். நீங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டாம். குளச்சல், முட்டம் பக்கம் வலையில் கட்டும் ஈயக் குண்டு கிடைக்கும். ஒரே குண்டைத் தட்டித் தகடாக்கி மூன்றாக வெட்டுங்கள், வேறு வேறு குண்டில் கலப்பு வேறாக இருக்கும் என்பதால் ஒரே குண்டு என்பது முக்கியம். நனைத்த எமரித் தாளால் பளபளவென்று தேயுங்கள், ஒன்று அலமாரிக்குள், ஒன்று வகுப்பறையில், ஒன்று ஷெட் பக்கம் மழை படாமல். ஒன்றிரண்டு மாதத்தில் உள்ளே இருப்பது மட்டும் வெள்ளையாகப் பூத்து மற்ற ரெண்டும் மங்கலான சாம்பல் நிறத்தில் இருந்தால் எந்த லேப்பும் இல்லாமலே பதில் கிடைத்துவிட்டது. இதைப் பிள்ளைகளைச் செய்ய விடாதீர்கள், நீங்கள் கையுறை போட்டுச் செய்யுங்கள், தேய்த்த தண்ணீரையும் தாளையும் கண்ட இடத்தில் கொட்டாதீர்கள், ஈயம் பிள்ளைகளுக்கு நஞ்சு. ஃபிலிம் காப்பகங்களில் பயன்படுத்தும் நிறம் மாறும் ஏ-டி பட்டைகளும் உண்டு, புரோமோகிரெசால் கிரீன் தடவியவை, நீலம் பச்சையாகி மஞ்சளாகும். ஒரு நாளில் பதில் வரும், ஆனால் எந்த அமிலம் என்று சொல்லாது.

பிள்ளைகளுக்கு ஆபத்தா என்று கேட்டிருந்தீர்கள். வேலையிடங்களுக்கு எட்டு மணி நேரச் சராசரியாக வைத்திருக்கும் வரம்பு அசிட்டிக்குக்கு 10 பி.பி.எம். (ஒரு பி.பி.எம். என்பது 1000 பி.பி.பி.), அதாவது கன மீட்டருக்கு 25 மில்லிகிராம், ஃபார்மிக்குக்கு 5 பி.பி.எம்., 9 மில்லிகிராம். சிப்பியைக் கெடுக்கும் அளவு இதைவிடப் பல மடங்கு குறைவு, அலமாரிக்குள் இருப்பது வகுப்பறைக்கு வரும்போது இன்னும் கரைந்துபோகும். அதனால் அலமாரியின் அமிலத்தை நினைத்துப் பிள்ளைகளுக்காகப் பயப்பட வேண்டாம் என்பது என் கருத்து. ஆனால் அந்த வரம்புகள் வளர்ந்த தொழிலாளிகளுக்கானவை, பள்ளிப் பிள்ளைகளுக்கானவை அல்ல என்பதையும் மறைக்கக் கூடாது. வகுப்பில் உட்கார்ந்தாலே கண் எரிகிறது என்று பிள்ளைகள் சொன்னால் பிளைவுட்டின் ஃபார்மால்டிஹைடைத்தான் சந்தேகப்பட வேண்டும், அதற்கு டி.என்.பி.எச். என்ற வேதிப்பொருள் தடவிய தனி சாம்பிளர் இருக்கிறது, அமில சாம்பிளர் அதற்கு உதவாது. ஷெட்டின் காலை நேர நெடி வகுப்பறைக்கு வந்து இருமல் வருகிறது என்றால் அது மூன்றாவது விஷயம், உச்சத்தை அளக்க வேண்டிய விஷயம்.

முடிவு வரும் வரை சிப்பிகளை அங்கேயே விடாதீர்கள். ஒவ்வொன்றையும் பொடியோடு படம் எடுத்து, பெயர்ச் சீட்டைத் தனியே வைத்து, திறந்த தட்டுகளில் வெளியே எடுத்துவிடுங்கள். சோதனைக்குக் கொஞ்சம் பொடி எடுத்து வைத்த பிறகு, நல்ல தண்ணீரில் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்து, மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, நிழலில் நன்றாகக் காயவிடுங்கள். வினிகர், எலுமிச்சை, ஆசிட் எதையும் தொடாதீர்கள். உப்பு உள்ளே இருக்கும்போது வார்னிஷ் அடித்தால் பளபளப்புக்குக் கீழே பூக்கும். திரும்ப வைக்க பவுடர் கோட்டிங் செய்த இரும்பு அலமாரியோ அலுமினியச் சட்டமும் கண்ணாடியும் போட்ட பெட்டியோ போதும். இருக்கும் மர அலமாரிக்குப் பெயின்ட் அடித்துச் சரிசெய்யலாம் என்று தச்சர் சொல்வார், எண்ணெய் பெயின்ட் தானே அமிலம் விடும், வேண்டாம். அந்த அலமாரியைப் புத்தகத்துக்கும் தராதீர்கள், காகிதத்துக்கும் அமிலம் ஆகாது, விளையாட்டுச் சாமான் வைக்கக் கொடுத்துவிடுங்கள். ஆனால் அளந்து முடிக்கும் வரை அலமாரியை அதே இடத்தில், கதவு மூடி, உள்ளே சாம்பிளரும் மீட்டரும் மட்டும் இருக்கும்படி விடுங்கள். அறிக்கை வந்ததும் மூன்று வெற்று சாம்பிளரின் எண்களையும் சேர்த்து எழுதுங்கள், அவற்றைப் பார்த்த பிறகுதான் மற்ற எண்களைப் பற்றி நான் ஏதாவது சொல்ல முடியும்.